ஈஸ்ட்ரோஜன் ஏற்பி

ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, அதன் வேலையைச் செல்லுக்குள் நடத்திவைக்கும் புரதமே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. பெரும்பாலும் உட்கருவில் இருக்கும் இது, ஹார்மோன் வந்து சேர்ந்ததும் டி.என்.ஏ.வில் தனக்குரிய இடங்களில் அமர்ந்து சில மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும்.

சொல்லின் முதற்பாதி கிரேக்கம். 'ஓய்ஸ்ட்ரோஸ்' என்றால் மாடுகளைக் கடித்து வெறிகொண்டு ஓடவைக்கும் ஈ. பிறகு அது வெறியையும் வேட்கையையும் குறித்து, பெண் விலங்குகளின் இணைவிழைச்சுப் பருவத்திற்குப் பெயரானது. அப்பருவத்தைத் தோற்றுவிப்பது என்ற பொருளில் 'ஜன்' சேர்ந்தது. 'ரிசெப்டார்' லத்தீன்வழிச் சொல்; பெறுவது என்று பொருள். தமிழில் ஏல், ஏற்பு, ஏற்பி. 'வாங்கி' என்றும் எழுதுவதுண்டு. எனக்கு ஏற்பியே உகந்தது. ஏற்றல் என்பதில் பெறுதலும் உண்டு, பொருந்துதலும் உண்டு. தனக்குப் பொருந்தும் மூலக்கூறையே இப்புரதம் பிடித்துவைக்கிறது என்பதால் இரண்டு பொருளும் இங்கே வேண்டும்.

ஈஸ்ட்ரோஜனை அப்படியே எழுதுவது நல்லது. 'பெண்மை ஹார்மோன்' என்ற பெயர்ப்பு பரவலாக இருந்தாலும், ஆணுடலில் இதற்கு வேலையில்லை என்ற தவறான எண்ணத்தை அது விதைக்கிறது. எலும்பே இதற்குச் சான்று.

1994இல் மருத்துவ இதழ் ஒன்றில் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றிய ஆய்வு வெளியானது. அவர் உயரம் 204 செ.மீ. எலும்பின் வயதோ 15தான். நீள் எலும்புகளின் முனையிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் பதின்பருவ இறுதியில் மூடிக்கொள்ள வேண்டும். அவருக்கு மூடவே இல்லை. எலும்பின் அடர்த்தியும் குறைவு. இரத்தத்தில் ஆண் ஹார்மோன் இயல்பாக இருந்தது, ஈஸ்ட்ரோஜனும் போதிய அளவுக்கு மேலேயே இருந்தது. பழுதுபட்டிருந்தது ஏற்பியின் மரபணு. ஆணின் வளர்ச்சியை நிறுத்துவது ஆண் ஹார்மோன் என்று அதுவரை நம்பிவந்த மருத்துவ உலகம் பாடத்தைத் திருத்திக்கொண்டது. ஆணுடலில் டெஸ்டோஸ்டீரோனின் ஒரு பகுதி அரோமட்டேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாறி, இந்த ஏற்பியின் வழியாகத்தான் வளர்ச்சித் தட்டுகளை மூடுகிறது.

வளர்ந்த பிறகும் எலும்புக்கு இது காவல். எலும்பை அரிக்கும் செல்களின் ஆயுளை ஈஸ்ட்ரோஜன் குறைக்கிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்தத் தடை தளர்வதால்தான் எலும்புப்புரை விரைகிறது.

ஏற்பியில் இரு வகை உண்டு. ஆல்பாவின் மரபணு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. பீட்டா 1996இல் தெரியவந்தது. எலும்பிலும் கொழுப்பிலும் ஆல்பாவின் பங்கே பெரிது. ஆல்பா நீக்கப்பட்ட எலிகளில், ஆண் பெண் இரண்டிலுமே, கொழுப்பு மிகுந்தது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களின் கொழுப்பு இடுப்பு, தொடையிலிருந்து வயிற்றுக்குள் இடம் மாறுவதற்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவு ஒரு காரணம். வயது ஏறுவதும் அசைவு குறைவதும் அதில் சேர்ந்துகொள்வதால், உடல் பருத்தவரைப் பார்த்து 'ஹார்மோன் கோளாறு' என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுவது முறையல்ல.

ஹார்மோன் ஒன்றே என்றாலும் ஏற்பி எந்தத் திசுவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. ராலாக்சிஃபீன் என்ற மருந்து எலும்பில் ஈஸ்ட்ரோஜனைப் போலவும் மார்பகத் திசுவில் அதற்கு எதிராகவும் வேலை செய்வது இதனால்தான்.