தூங்கும் குழந்தையின் காது சொல்லும் சேதி

பிறந்து இரண்டு நாளான குழந்தை. வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு, அம்மாவின் மடியில் வாயை லேசாகத் திறந்தபடி தூங்குகிறது. காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் பெண் அறைக்குள் வந்து முதலில் மின்விசிறியைக் குறைக்கிறார். போனில் பேசிக்கொண்டிருந்த உறவினரை வெளியே அனுப்புகிறார். அவர் கையில் டிவி ரிமோட்டைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவி. அதன் வயர் நுனியில் சுண்டுவிரல் நுனியளவுக்கு மெத்தென்ற ரப்பர் முனை. அதைக் குழந்தையின் காதில் மெல்லப் பொருத்துகிறார். குழந்தை முகத்தைச் சுளிக்கிறது, ஆனால் விழிக்கவில்லை. அரை நிமிடம் போகிறது. திரையில் ‘பாஸ்’ என்று வருகிறது. அடுத்து இடது காது. அங்கே ‘ரெஃபர்’.

அது என் தங்கை மகள். அந்த இடது காதுக் கதைக்கு அப்புறம் வருகிறேன். பக்கத்தில் நின்றிருந்த என் அம்மா கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: “புள்ள தூங்குதே, கேக்குதா இல்லையான்னு அது எப்படிம்மா சொல்லும்?”

குழந்தை சொல்ல வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். நல்ல காது தன் பங்குக்கு ஒரு ஒலியை எழுப்பி வெளியே அனுப்புகிறது. ரப்பர் முனைக்குள் இருக்கும் குட்டி மைக் அதைத்தான் பிடிக்கிறது. இந்தச் சோதனைக்கு மருத்துவமனைகளில் ஓ.ஏ.இ. என்று பெயர். ‘காது எழுப்பும் ஒலி’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

காது ஒலி எழுப்புமா? நானும் முதலில் நம்பவில்லை. அதைப் புரிந்துகொள்ளக் காதுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையில் மோதுகிறது. மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை உள்ளே கடத்துகின்றன. உள்ளே, நத்தை ஓடுபோல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஒரு குழாய். அதுதான் காக்ளியா. அதைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம் வரும். திரவம் நிறைந்த அந்தக் குழாய்க்குள், நீளவாக்கில் ஒரு சவ்வு. கீச்சென்ற ஒலிகளுக்குச் சவ்வின் வாசல் பக்கம் அதிரும், அடித்தொண்டை ஒலிகளுக்குச் சுருளின் உச்சிப் பக்கம் அதிரும். சவ்வின்மேல் மயிர்ச் செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. உள்வரிசை ஒன்று, அதில் சுமார் 3,500 செல்கள். வெளிவரிசைகள் மூன்று, அவற்றில் சுமார் 12,000. மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உள்வரிசைதான். அப்படியானால் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருக்கும் வெளிவரிசைச் செல்களுக்கு என்ன வேலை?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. புடாபெஸ்டில் தொலைபேசி ஆய்வகத்தில் வேலை பார்த்த பெகேஷி, இறந்தவர்களின் காக்ளியாவை நுண்ணோக்கியில் வைத்து, ஒலி அதற்குள் அலையாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் பார்த்த அலைகள் அகன்று, மழுங்கிக் கிடந்தன. ஒரு சுரத்துக்கும் அதை ஒட்டிய சுரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் உயிருள்ள காதின் கூர்மை அதில் இல்லை.

தாமஸ் கோல்ட் என்ற இளைஞர் 1948இலேயே இதற்கு ஒரு காரணம் சொல்லியிருந்தார். போர்க்காலத்தில் ரேடாரில் வேலை பார்த்தவர் அவர். திரவத்துக்குள் ஆடும் சவ்வு, தேனுக்குள் ஆட்டிவிட்ட ஊஞ்சலைப் போல உடனே ஓய்ந்துவிட வேண்டும். அப்படி ஓயவில்லையென்றால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் யாரோ சரியான நேரத்தில் தள்ளிவிடுகிறார்கள் என்று அர்த்தம். அதாவது காதுக்குள் ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. திருவிழா மைக் செட் சில சமயம் தானாகவே ‘கூய்ங்’ என்று கத்துமே, அதுபோலக் காதும் சில வேளை ஒலி எழுப்ப வேண்டும் என்று கோல்ட் கணித்தார். மைக் வைத்துத் தேடியும் பார்த்தார். அன்றைய கருவிகளுக்கு எதுவும் சிக்கவில்லை. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாததால் வானியல் பக்கம் போய்விட்டார். பின்னாளில், விண்ணிலிருந்து சீரான இடைவெளியில் ரேடியோத் துடிப்பு அனுப்பும் பல்சார் என்பது சுழலும் நியூட்ரான் விண்மீன் என்று சரியாகச் சொன்னவரும் இவர்தான்.

முப்பது ஆண்டுகள் கழித்து லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர், காதுத் துவாரத்தில் ஒரு சிறிய மைக்கை வைத்து, ‘டிக்’ என்று ஒரு ஒலியைக் கொடுத்தார். சில மில்லிநொடிகள் கழித்து உள்ளேயிருந்து ஒரு எதிரொலி வந்தது. சுவரில் பட்டுத் திரும்பும் வெறும் எதிரொலி இவ்வளவு தாமதமாக வராது. கேட்கும் திறன் இழந்த காதுகளில் அது வரவும் இல்லை. 1978இல் கெம்ப் இதை வெளியிட்டபோது பலர் நம்ப மறுத்தார்கள். கோல்ட் சொன்னது நடந்துவிட்டது.

தள்ளிவிடும் கை எது என்பதும் பிறகு தெரிந்தது. 1985இல் வில்லியம் பிரௌனெலும் அவருடைய கூட்டாளிகளும் வெளிவரிசைச் செல் ஒன்றைத் தனியே எடுத்து மின்சாரம் கொடுத்தபோது, அது நீண்டது, சுருங்கியது. இப்படி நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அதனால் ஆட முடியும். ஒலி வந்த கணத்திலேயே ஆடி, சவ்வின் அதிர்வைத் தள்ளிவிட்டுப் பெருக்கிக் கொடுக்கிறது. அந்த ஆட்டத்துக்குக் காரணமான புரதத்தை 2000இல் பீட்டர் டல்லோஸின் ஆய்வகம் கண்டுபிடித்தது. இசையில் ‘வேகமாக’ என்று பொருள்படும் ‘பிரெஸ்டோ’ என்ற சொல்லிலிருந்து அதற்குப் ‘பிரெஸ்டின்’ என்று பெயர் வைத்தார்கள். இந்த ஆட்டத்தில் சிந்தும் சிறு ஆற்றல் வந்த வழியே திரும்பிச் செவிப்பறையை லேசாக அதிரச் செய்கிறது. அதுதான் காதின் ஒலி.

இப்போது அந்தக் கருவிக்கு வருவோம். ரப்பர் முனைக்குள் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரு மைக்கும் இருக்கின்றன. ஒரு ஸ்பீக்கர் 2000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுக்கிறது என்று வையுங்கள், இன்னொன்று 2440 ஹெர்ட்ஸ். காது நன்றாக இருந்தால், யாருமே கொடுக்காத மூன்றாவது ஒலி ஒன்று உள்ளேயிருந்து வரும்: 1560 ஹெர்ட்ஸ். முதல் எண்ணை இரண்டால் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் வருவது. அப்புறம் வேறு ஜோடிகள், வேறு சுருதிகள். திரையில் வரும் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஜோடிக்கான பதில். வெளிவரிசைச் செல்கள் பழுதாகிவிட்ட காதில் அந்த மூன்றாவது ஒலி வராது. குழந்தை அழ வேண்டாம், திரும்பிப் பார்க்க வேண்டாம், கை தூக்க வேண்டாம். எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயமே இதுதான்.

சரி, இரண்டு நாள் குழந்தையிடம் இவ்வளவு அவசரம் ஏன்? ஒரு வயதில் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

குழந்தை மொழியைக் கற்க ஆரம்பிப்பது முதல் சொல்லைச் சொல்லும் நாளில் இல்லை. கருவில் இருக்கும்போதே, கடைசி மூன்று மாதங்களில் அது அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் காதுக்கு நெருக்கமானது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ‘ட’, ‘த’ ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ஆறேழு மாதக் குழந்தைகளோ வித்தியாசத்தைக் கண்டுபிடித்தன. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறன் மங்கிவிட்டிருந்தது. கேட்கும் மொழிக்கு ஏற்றபடி மூளை அந்த முதல் ஆண்டிலேயே தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. எதுவும் கேட்காத குழந்தைக்கு எதைக் கொண்டு செதுக்குவது?

கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே ‘ஆ’, ‘ஊ’ என்று குரல் கொடுக்கும், சிரிக்கும், அழும். வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆறு மாதத்துக்கு மேல் மற்றக் குழந்தைகள் ‘பாபாபா’, ‘தாதாதா’ என்று அடுக்க ஆரம்பிக்கும்போதுதான் வித்தியாசம் வெளியே தெரியும். அப்போதும் நாம் சமாதானம் சொல்லிக்கொள்வோம். “இவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான்” என்பார் பாட்டி. வசம்பைத் தேனில் உரசி நாக்கில் தடவுவார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் குறை நாக்கில் இல்லையே.

தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினானே என்பார்கள். பின்னாலிருந்து தட்டினாலும் குழந்தை நிழலைப் பார்த்திருக்கலாம், தரையின் அதிர்வை உணர்ந்திருக்கலாம். கனத்த ஒலிகள் மட்டும் கேட்கும் குழந்தை மேளத்துக்குத் திரும்பும். பேச்சில் ‘ச’வும் ‘த’வும் அதற்குக் கேட்காமலே போகும்.

கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோவின் குழு, கேட்கும் குறைபாடுள்ள 150 குழந்தைகளை ஒப்பிட்டு 1998இல் ஒரு முடிவை வெளியிட்டது. ஆறு மாதத்துக்குள் குறை கண்டுபிடிக்கப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், மற்றவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே நின்றார்கள். குறை லேசானதா கடுமையானதா என்பதைவிட, எப்போது தெரிந்தது என்பதே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்று இன்று மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இப்படிப்பட்ட ஆய்வுகளிலிருந்து வந்ததுதான்.

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று குழந்தைகளுக்குப் பிறவியிலேயே நிரந்தரக் குறை இருக்கிறது. நம் ஊரில் மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் வழக்கம் இன்னும் இருப்பதால், இதையும் சொல்ல வேண்டும். பரம்பரையாக வரும் காது கேளாமையில் பெரும்பகுதி, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி வரும்போது ஏற்படுகிறது. உறவுக்குள் கட்டினால் இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும். அவர்கள் இருவருக்குமே நன்றாகக் கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. “எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே” என்ற பேச்சு இங்கே எடுபடாது. தாயைக் குறை சொல்வதற்கும் இதில் இடமே இல்லை.

இடது காதுக்கு வருவோம். ‘ரெஃபர்’ என்று பார்த்ததும் தங்கை முகம் வெளிறிவிட்டது. அந்தச் சொல்லுக்கு ‘இன்னொரு தடவை பார்க்க வேண்டும்’ என்பதுதான் பொருள் என்று ஆடியாலஜிஸ்ட் நிதானமாக உட்கார்ந்து விளக்கினார். பிறந்த புதிதில் காதுத் துவாரத்தில் மாவுபோன்ற பிசுக்கு இருக்கும், நடுக்காதில் நீர் இருக்கும். அந்த மெல்லிய ஒலி வெளியே வர அதுவே தடை. இரண்டு வாரம் கழித்துப் போனபோது இடது காதும் பாஸ். அந்த இரண்டு வாரமும் தங்கை குழந்தையின் இடது காதில்தான் தாலாட்டுப் பாடினாள்.

இந்தச் சோதனைக்கு ஒரு எல்லையும் உண்டு. வெளிவரிசைச் செல்கள் ஆடுகின்றனவா என்று மட்டுமே இது பார்க்கிறது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கோளாறு என்றால் ஓ.ஏ.இ.யில் பாஸ் வரும், குழந்தைக்குப் பேச்சு விளங்காது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், மஞ்சள் காமாலை கடுமையாக வந்த குழந்தைகள், தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் இருந்த குழந்தைகளுக்கு இந்த வாய்ப்பு அதிகம். அவர்களுக்குப் பெரா டெஸ்ட் கட்டாயம் வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறு எலெக்ட்ரோடுகளை ஒட்டி, ஒலி கொடுத்த முதல் பத்து மில்லிநொடிகளில் நரம்பிலும் மூளைத்தண்டிலும் ஓடும் மின் அலைகளைப் பதிவு செய்வார்கள். இதுவும் தூக்கத்தில் நடப்பதுதான்.

குறை உறுதியானால் சில மாதக் குழந்தைக்கே காது கேட்கும் கருவி பொருத்தலாம். அது போதாதென்றால் காக்ளியர் இம்ப்ளாண்ட். பழுதான மயிர்ச் செல்களைத் தாண்டி, கருவியைப் பொறுத்துப் பன்னிரண்டு முதல் இருபது சொச்சம் வரை எலெக்ட்ரோடுகள் நேரே நரம்பைத் தூண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். ஆறு வயது என்பது திட்டத்தின் வரம்பு, மூளை அவ்வளவு நாள் காத்திருக்காது. அறுவை சிகிச்சைக்கு அப்புறம் பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் போகும். அதில் பாதி வேலை சமையலறையிலும் குளியலறையிலும் அம்மா அப்பா பேசிக்கொண்டே இருப்பதில்தான் நடக்கிறது. சைகை மொழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களுக்கும் இதே காலக்கணக்குதான். சைகையும் முழுமையான மொழி, அதையும் முதல் ஆண்டிலேயே கொடுக்க வேண்டும்.

பிறந்தபோது பாஸ் ஆன காதிலும் பின்னால் குறை வரலாம். மூளைக்காய்ச்சல் வந்து போன குழந்தையை உடனே காட்டுங்கள். பத்து மாதம் ஆகியும் ‘பாபா, தாதா’ அடுக்கவில்லை என்றாலும் காட்டுங்கள்.

உங்கள் குழந்தைக்கு இந்தச் சோதனை நடந்ததா என்று டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். பால் கொடுக்கும் நேரத்தை ஒட்டிப் போங்கள். அங்கே போய்ப் பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தால், குழந்தை கண்ணயர்ந்ததும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.