110 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் பங்க்கில் ஏமாற்ற முடியாதா?

"நூறுக்குப் போடாதீங்க, நூத்திப்பத்துக்குப் போடுங்க" என்று ஒரு தகவல் வாட்ஸாப்பில் பல வருடமாகச் சுற்றுகிறது. நூறு, இருநூறு, ஐநூறு என்றால் மெஷினில் முன்கூட்டியே அளவைக் குறைத்து வைத்திருப்பார்களாம். பங்க் மெஷின்களைப் பழுது பார்ப்பதும் அளவைச் சரிசெய்வதும் என் தொழில். அதனால் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும்.

மெஷினுக்குள் நடப்பது இதுதான். தரைக்கடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் மீட்டருக்குள் புகுந்து பிஸ்டன்களைத் தள்ளும். அதில் ஓர் அச்சு சுழலும். பல்சர் என்ற சின்னப் பாகம் அந்தச் சுழற்சியை மின் துடிப்புகளாக மாற்றி போர்டுக்கு அனுப்பும். போர்டு அதை லிட்டராக்கி, அன்றைய விலையால் பெருக்கித் திரையில் காட்டும். திருட வேண்டும் என்றால் இந்தத் துடிப்பில்தான் கை வைப்பார்கள். 2017 ஏப்ரலில் லக்னோவில் சிறப்பு அதிரடிப்படை சோதனை போட்டபோது சிக்கியது அதுதான்: மெஷினுக்குள் ஒரு சிப், அதை இயக்க ஒரு ரிமோட். துடிப்பைக் கூட்டிக் காட்டுகிற சிப்புக்கு நூறும் ஒன்றுதான், நூற்றிப்பத்தும் ஒன்றுதான்.

ஆனால் பழசாகி, பராமரிக்காமல் விட்ட மெஷின் பெரும்பாலும் உங்களுக்குத்தான் லாபம். பிஸ்டன் வாஷர் தேய்ந்தால் கொஞ்சம் பெட்ரோல் அளவில் சேராமலே பிஸ்டனின் பக்கவாட்டில் கசிந்து உங்கள் வண்டிக்குள் போகும். அளவு குறைவு என்று முதலாளி என்னைக் கூப்பிடுவதில்லை. கூடப் போகிறது என்றால்தான் அவசர அழைப்பு வரும்! உங்களுக்கு நஷ்டம் தரும் பழுது வேறு. உறிஞ்சு குழாயில் காற்று புகுந்து, அதைப் பிரிக்க வேண்டிய பாகமும் வேலை செய்யாவிட்டால், மீட்டர் காற்றையும் சேர்த்து எண்ணும். இன்னொன்று, பெட்ரோலைப் பின்னால் இறங்கவிடாமல் பிடிக்கும் வால்வு கசிவது. இரவில் பைப் காலியாகிவிடும். விடிந்ததும் முதலில் வருகிறவரின் பணத்தில்தான் அது மறுபடி நிரம்பும். "அதிகாலையில போட்டா குளிர்ச்சி, பெட்ரோல் கெட்டியா இருக்கும், அதிகம் கிடைக்கும்" என்று போகிறவர் இவராகத்தான் இருப்பார். தரைக்கடியில் புதைந்த தொட்டியில் வெப்பம் காலைக்கும் மதியத்துக்கும் பெரிதாக மாறாது. அந்த நம்பிக்கையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

திரை ஜீரோவிலிருந்து நேராக ஒன்றிரண்டு ரூபாய்க்குத் தாவுவது இயல்பு. நாசிலில் சத்தமே வராமல் எண் மட்டும் பத்து ரூபாய்க்கு மேல் ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட அதிகம் நடப்பது கைவேலைதான். ஐநூறுக்குப் போடச் சொல்வீர்கள். இருநூறில் நிற்கும். "சாரி சார், தப்பா அழுத்திட்டேன், மீதிய போடறேன்" என்பார். ஜீரோ ஆக்காமல் அப்படியே தொடர்ந்து முந்நூறில் நிறுத்துவார். இருநூறும் முந்நூறும் ஐநூறு என்று உங்கள் மனம் கணக்குப் போட்டுவிடும். வண்டிக்குள் போனது முந்நூறுக்குத்தான். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் "கார்டா, ஜிபேயா?" என்று கேட்பார். பைக்கிலிருந்து இறங்கி, பேச்சுக் கொடுக்காமல், ஜீரோவிலிருந்து கடைசி வரை திரையைப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. நடுவில் நின்றால் அதற்கு ஒரு பில் வாங்கிவிட்டு, மீதியைப் புதிதாக ஜீரோவிலிருந்து போடச் சொல்லுங்கள்.

சரி, மெஷின் மேலேயே சந்தேகம் என்றால்? ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கேன் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் யார் கேட்டாலும் அளந்து காட்ட வேண்டும், கட்டணம் இல்லை. கேட்கிற விதத்தில் கேட்டால் போதும்: "அண்ணே, இந்த நாசில்ல அஞ்சு லிட்டர் கேன்ல அளந்து காட்டுங்க." சண்டைக்குப் போக வேண்டியதில்லை. முதலில் கேனில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். வருட எண்ணும், காலாண்டைக் குறிக்கும் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். கேனை ஒரு முறை நிரப்பிக் கவிழ்த்து, சொட்டு வடிய விட்டு, அப்புறம்தான் அளக்க வேண்டும். காய்ந்த கேன் உள்சுவரில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்துக்கொள்ளும்; அளவு குறைவது போலத் தெரிந்து வீண் தகராறு வரும். சமதளத்தில் வைத்து, குனிந்து, கழுத்துப் பகுதியில் இருக்கும் கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பாருங்கள். கூடவோ குறையவோ 25 மில்லி வரை சட்டம் அனுமதிக்கிறது, அதாவது அரை சதவீதம். 200 ரூபாய்க்குப் போட்டால் ஒரு ரூபாய். அதற்குள் இருந்தால் புகார் நிற்காது. எல்லா நாசிலையும் வேண்டுமென்றே குறைவுப் பக்கமாகவே, 20 மில்லியில் நிறுத்தி வைக்கச் சொல்லும் முதலாளிகள் உண்டு. சட்டப்படி தப்பிக்கலாம், யோக்கியமான வியாபாரம் இல்லை.

மைலேஜை வைத்து அளவைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டயர் காற்று, போக்குவரத்து நெரிசல் என்று நூறு காரணம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதேபோல, "என் கார் டேங்க் 37 லிட்டர், 40 லிட்டர் போட்டதா பில் தர்றான்" என்ற வீடியோக்கள். கம்பெனி சொல்லும் கொள்ளளவுக்கு மேலே, பெட்ரோல் விரிவடைய விட்டிருக்கும் இடமும் நிரப்பும் குழாயும் இருக்கின்றன. நாசில் தானாக நின்ற பிறகும் விளிம்பு வரை அழுத்தி ஊற்றினால் கூடுதலாகத்தான் பிடிக்கும்.

தரத்தில் சந்தேகம் என்றால் அடர்த்தி அளக்கச் சொல்லலாம், ஒரு சொட்டு விட்டுக் கறை படிகிறதா என்று பார்க்க ஃபில்டர் பேப்பரும் கேட்கலாம். மழைக்காலத்தில் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று கேட்பதும் நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் கூடினால், எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும்.

அளந்து காட்ட மறுத்தால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். தேதி, நேரம், எந்த நாசில் என்று குறித்துக்கொண்டு, பங்க்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். எண்ணெய் நிறுவனத்தின் தொலைபேசி எண் பங்க்கில் உள்ள பலகையிலேயே இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அளவுக்கு முத்திரை போடும் அதிகாரிகள் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையில் இருக்கிறார்கள், அங்கேயும் எழுதலாம். "அந்த பங்க் மோசம்" என்று எழுதினால் நகராது; எந்த மெஷின், எந்த நாசில், எத்தனை மணி என்று எழுதினால், ஆய்வாளர் நேராக அங்கே போய்க் கேனை வைப்பார்.