புது இடத்தில் மிரளும் குதிரை

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தை முடிந்த கையோடு, "சந்தையில் சாதுவாக நின்ற குதிரை வீட்டுக்கு வந்ததும் முரண்டு பிடிக்கிறது, டாக்டர்" என்று அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். நாம் முரண்டு என்று நினைப்பது பெரும்பாலும் பயமே. கூட்டமாக வாழ்ந்து, ஓடியே உயிர் பிழைத்துவந்த பிராணிக்குப் பழகிய துணையின் வாசனையும் கனைப்பும் இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழக அதற்கு நம்மைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதனால் லாயத்து வாசலில் தயங்கி நிற்கும் குதிரையை அடித்து உள்ளே தள்ளுவது பெருந்தவறு.

சென்ற ஆண்டு நான் பார்த்த நான்கு வயது மார்வாரி இனப் பெண்குதிரை, வைக்கோல் போர் மேல் படபடத்த நீலத் தார்ப்பாயைக் கண்டு மிரண்டது. உரிமையாளர் சாட்டையை எடுத்தார். மறுநாளிலிருந்து, தார்ப்பாய் தெரிந்தாலே அடி விழும் என்று அதற்குப் பதிந்துவிட்டது. நான் போனபோது, தாடை எலும்பின் அடியில் விரல் வைத்துப் பார்த்தால் நாடி 64. அமைதியாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும்.

முதல் ஐந்து நாள் சேணமே வேண்டாம் என்றேன். காதுகள் தார்ப்பாய்ப் பக்கம் திரும்பினாலும் வாய் புல்லை மென்றுகொண்டிருக்கும் தூரம் எதுவோ, அங்கேயே நின்றோம். அது தலையைத் தாழ்த்திய அந்த நொடியில் கயிற்றைத் தளர்த்த வேண்டும். தாமதித்தால், எதற்காகத் தளர்த்தினோம் என்பது அதற்குப் புரியாது. பிறகு, பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் சொறிந்துகொடுத்தோம். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துக் கோதிவிடும் இடம் அது. அங்கே சொறிந்தால் நாடித்துடிப்பு குறைவதை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். மறுநாள் இரண்டடி நெருங்கினோம், காது பின்னால் மடங்கியதும் ஓரடி விலகினோம். விலகுவதால் குதிரை நம்மை ஏய்க்கப் பழகிவிடும் என்று உரிமையாளர் கவலைப்பட்டார். ஆனால், அது நடுங்கத் தொடங்கும் முன்பே நாம் விலகும்போதுதான், இந்த மனிதர் என் பேச்சைக் கேட்கிறார் என்ற நம்பிக்கை அதற்கு வருகிறது.

இன்னொன்று தண்ணீர். ஊர் மாறினால் ருசி மாறும், சில குதிரைகள் குடிக்காமலே நிற்கும். குடல் வறண்டு சாணம் இறுகினால் உயிருக்கே ஆபத்து. வாங்கிய இடத்துத் தண்ணீரை இரண்டு கேன் கொண்டுவந்து கலந்து கொடுங்கள், தீவனத்தையும் ஒரு வாரத்துக்கும் மேலாகச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். தரையைக் கிளறுவது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது ஆகியவை வயிற்றுவலியின் அறிகுறிகள். உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் அந்தக் குதிரை தானாகவே போய்த் தார்ப்பாயின் ஓரத்தை முகர்ந்து, மூக்கால் ஒரு சீறு சீறிவிட்டுப் புல்லுக்குத் திரும்பியது. நாடி 40. சேணம் பூட்டலாமா என்று கேட்ட உரிமையாளரிடம், இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் என்றேன்.