ஸ்டில் லைஃபும் பொற்றொடியும்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி ஒருவரின் மகள், தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்வந்து எழுதிய ஆங்கிலக் கட்டுரையில், பழம், பூச்சாடி போன்ற பொருள்களை வரைந்த 'ஸ்டில் லைஃப்' ஓவியங்களைப் பன்மையில் 'ஸ்டில் லைவ்ஸ்' என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் அதை 'ஸ்டில் லைஃப்ஸ்' என்று திருத்திவிட்டார். "லைஃப், பன்மையில் லைவ்ஸ்தானே?" என்று கேட்கிறார் அம்மா.

ஆசிரியர் திருத்தியது சரி. காரணம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது.

சொற்கள் சேர்ந்து ஒரு சொல்லாவதைத் தொல்காப்பியம் தொகை என்று சொல்லி ஆறாக வகுத்தது. ஆங்கிலச் சொற்களும் அதில் நன்றாகவே பொருந்தும். பிளாக்போர்டு பண்புத்தொகை. பிட்டர்ஸ்வீட், கசப்பும் இனிப்பும், உம்மைத்தொகை. ரேட்டில்ஸ்நேக் நம் ஊறுகாய் மாதிரி: முன்னால் காலம் காட்டாத வினை, பின்னால் பெயர்.

ஆங்கிலத் தொகையில் தலைச்சொல், அதாவது அது எந்த வகைப் பொருள் என்று சொல்லும் சொல், பெரும்பாலும் கடைசியில் வரும். ஹவுஸ்போட் ஒரு படகு. போட்ஹவுஸ் படகு நிறுத்தும் கொட்டகை. அந்தத் தலைச்சொல் பொருளோடு தன் பன்மையையும் முழுச் சொல்லுக்குக் கொடுக்கிறது. வைஃப், வைவ்ஸ் ஆவதால் ஹவுஸ்வைஃபும் ஹவுஸ்வைவ்ஸ். டூத், டீத் ஆவதால் பால்பல்லும் மில்க் டீத்.

சரி, இப்போது 'பொற்றொடி வந்தாள்' என்பதைப் பாருங்கள். வந்தது வளையல் அல்ல, பொன்வளையல் போட்ட பெண். 'பெண்' என்ற சொல் தொகைக்குள் எங்கேயும் இல்லை. இதுதான் அன்மொழித்தொகை. ஸ்டில் லைஃப் என்பதும் ஒருவகை வாழ்க்கை அல்ல. பழத்தையும் பூச்சாடியையும் வரைந்த ஓவியம். ஓவியம் என்ற தலை வெளியே நிற்கிறது. உள்ளே இருக்கும் லைஃப் தலை இல்லை என்பதால் அதன் லைவ்ஸ் மேலே ஏற வழியில்லை. அப்போது ஆங்கிலத்தின் பொது விதி வந்து வெறும் 'ஸ்' சேர்க்கிறது. அழிந்துபோன வாள்பல் பூனைகளும் அப்படித்தான்: அவை சேபர்டூத்ஸ், சேபர்டீத் அல்ல. லோலைஃப் என்ற வசைச்சொல்லும் லோலைஃப்ஸ்தான். எனக்கு இதைவிட அழகான விதி ஆங்கிலத்தில் கிடையாது.

சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஆங்கிலமும் தமிழும் ஒரே நாளில், ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். ஆனாலும் அன்மொழித்தொகையை மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்து மறக்கவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழாசிரியர் ஒருநாள் சேபர்டூத்தைக் கரும்பலகையில் எழுதட்டுமே.

வாசகியின் மகளுக்கு இன்னொன்று: கனடாவின் டொராண்டோ ஐஸ் ஹாக்கி அணியின் பெயர் மேப்பிள் லீஃப்ஸ். லீவ்ஸ் இல்லை. ஆடுகிறவர்கள் இலைகள் அல்லவே.