சட்டம் எதற்காக வருகிறது? சட்டமுன்வடிவின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள்

ஜவுளிக்கடையில் நமக்காக நாற்பது புடவையை எடுத்துப் போட்டு, நாற்பதையும் மறுபடி மடித்து வைக்கும் பெண்ணுக்கு, நடுவில் உட்கார ஓர் இருக்கை இருக்க வேண்டும். இது முதலாளியின் தயவு அல்ல, தமிழ்நாட்டில் இது சட்டம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு 2021இல் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளம் இதை 2018லேயே செய்துவிட்டது. நாம் மூன்று வருடம் பின்னால்.

பிரிவு சில வரிகளில் முடிந்துவிடும். ஏன் இந்தச் சட்டம், யார் கேட்டார்கள், என்ன பிரச்சினை என்று பிரிவுக்குள் தேடினால் அதிகம் கிடைக்காது. அதற்குச் சட்டமுன்வடிவின், அதாவது மசோதாவின், கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டும். 2021 செப்டம்பர் 6ஆம் தேதி தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் பேரவையில் அறிமுகம் செய்த அந்தச் சட்டமுன்வடிவில், விதிகள் எல்லாம் முடிந்தபின் ஒரு குறிப்பு இருந்தது. கடை ஊழியர்கள் வேலை நேரம் முழுவதும் நிற்க வைக்கப்படுகிறார்கள், அதனால் பலவித உடல்நலக் கேடுகள் வருகின்றன என்று அது சொன்னது. இருக்கை வசதி பற்றிய யோசனை 2019 செப்டம்பர் 4ஆம் தேதி மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் வைக்கப்பட்டு, உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொன்னது. தேதியைக் கவனியுங்கள். குழு ஏற்றது அ.தி.மு.க. ஆட்சியில், சட்டமானது தி.மு.க. ஆட்சியில். ஆட்சி மாறியும் அந்தக் கோப்பு மூடப்படவில்லை என்பதை அந்த ஒரு தேதி காட்டிக்கொடுக்கிறது.

இந்தக் குறிப்புக்குப் பெயர் நோக்கக் காரண விளக்கவுரை. வாயில் நுழையச் சிரமமான பெயர்தான். ஆனால் சட்டமியற்றுபவர்கள் ‘இன்ன காரணத்துக்காக இந்தச் சட்டம் கொண்டுவருகிறோம்’ என்று எழுத்தில் சொல்லும் இடம் அதுதான். பெரும்பாலும் ஒரு பக்கம், சில சமயம் இரண்டு. அடியில் துறை அமைச்சரின் பெயர் இருக்கும். சட்டமுன்வடிவோடு சேர்த்து அரசிதழின் நான்காம் பகுதி, முதல் பிரிவில் அச்சாகும். செலவு உண்டென்றால் கூடவே ஒரு நிதி விளக்கக் குறிப்பும் இருக்கும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், சட்டமுன்வடிவு நிறைவேறி, ஒப்புதல் பெற்று, சட்டமாகி அதே நான்காம் பகுதியின் இரண்டாம் பிரிவில் வெளியாகும்போது இந்தப் பக்கம் காணாமல் போய்விடும். காரணம் சொன்ன பக்கம் சட்டத்தின் அங்கம் இல்லை. கடையில் விற்கும் சட்டப் புத்தகத்தை மட்டும் படிப்பவர், அந்தச் சட்டம் எதற்கு வந்தது என்று தெரியாமலே அதைப் படித்து முடிக்கக்கூடும்.

சட்டத்துக்கு உள்ளேயே நோக்கம் சொல்லும் இடங்களும் இரண்டு உண்டு. ஒன்று, எல்லாச் சட்டத்துக்கும் தலையில் இருக்கும் நீண்ட தலைப்பு. இன்னொன்று முகப்புரை. இன்னின்ன நிலைமை இருப்பதாலும், இன்னது அவசியமாவதாலும் என்று நீண்டுகொண்டே போகும் வாக்கியம் அது. எல்லாச் சட்டத்துக்கும் விரிவான முகப்புரை இருக்காது. எதிர்ப்பு வரும், வழக்கு வரும் என்று தெரிந்த சட்டங்களில்தான் அது நீளும். முகப்புரையின் நீளத்தை வைத்தே அரசு எவ்வளவு பயந்திருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். இவை போக, பேரவையில் அமைச்சரின் பேச்சு, மானியக் கோரிக்கையின்போது (துறைக்கான பணத்தைப் பேரவையில் கேட்கும்போது) ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு ஆகியவையும் உண்டு.

சரி, அமைச்சர் எழுதிய காரணத்துக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு? 1952இல் உச்ச நீதிமன்றம் இதற்குக் கறாராகப் பதில் சொன்னது. அஸ்வினி குமார் கோஷ் வழக்கில் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, சட்டத்துக்குப் பொருள் கொள்ள விளக்கவுரையைத் துணைக்கு அழைக்கக் கூடாது என்றார். நியாயமான வாதம்தான். அது சட்டமுன்வடிவைக் கொண்டுவந்தவரின் காரணம், வாக்களித்த எல்லா உறுப்பினர்களின் காரணமும் அதுவே என்று சொல்ல முடியாது. தவிர, அவையில் திருத்தங்கள் ஏறி உருமாறிய பிறகும் விளக்கவுரை பழையபடியே நிற்கும். ஆனால் அடுத்த ஆண்டுகளில் உச்ச நீதிமன்றமே கொஞ்சம் இறங்கி வந்தது. சட்டம் வந்த காலத்தில் நிலைமை எப்படி இருந்தது, எந்தக் கேட்டை நீக்க வந்தது என்று தெரிந்துகொள்ள மட்டும் விளக்கவுரையைப் பார்க்கலாம் என்றது. இன்றுவரை நடைமுறை அதுதான். பிரிவின் சொல் தெளிவாக இருந்தால் சொல்தான் செல்லும். சொல் மங்கலாக இருக்கும் இடத்தில் நோக்கம் உதவிக்கு வரும்.

கேட்பதற்கு வறண்ட வக்கீல் பேச்சாகத் தெரியலாம். இதன் கனத்தை உணர ஜல்லிக்கட்டுக்குப் போக வேண்டும்.

2009இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் சட்டத்தின் நோக்கக் காரண விளக்கவுரையை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பழைய பண்பாடு, மரபு என்று அதில் இருக்கிறது, சமய முக்கியத்துவம் பற்றி ஒன்றும் இல்லை என்று குறித்துக்கொண்டு, இப்போது நடக்கும் முறைக்குப் பழைய பண்பாடும் ஆதரவு தரவில்லை என்று முடித்தார்கள். ஒன்றிய அரசின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளின் நலனுக்காக வந்தது, மாநிலச் சட்டமோ மனிதனை மையத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது அவர்கள் கண்ட அடிப்படை முரண். அதாவது சட்டத்தின் விதிகளோடு அதன் நோக்கமும் கூண்டில் நின்றது.

2017 ஜனவரி. மெரினாவில் கூட்டம் நிறைந்திருந்த நேரம். அவசரச் சட்டம் வந்தது. 23ஆம் தேதி முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் கொண்டுவந்த சட்டமுன்வடிவு அன்றே நிறைவேறியது. இந்த முறை தனிச் சட்டமாக இல்லாமல், மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கே மாநிலத் திருத்தமாக எழுதியிருந்தார்கள். குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கினார்கள். இவை எல்லோருக்கும் தெரிந்த விஷயங்கள். அதிகம் பேசப்படாதது அதன் முகப்புரை. அரசியலமைப்பின் 51-ஏ கூறு சொல்லும் கடமைகளில் இரண்டை அது எடுத்துக்கொண்டது. கூட்டுப் பண்பாட்டின் வளமான மரபைப் பேணுவது ஒன்று, உயிர்களிடம் இரக்கம் காட்டுவது இன்னொன்று. ஜல்லிக்கட்டு தமிழ்நாட்டின் பெரும் பகுதிகளில் மரபையும் பண்பாட்டையும் காப்பதில் முக்கியப் பங்கு வகிக்கிறது, நாட்டு மாட்டு இனங்கள் அழியாமல் தொடரவும் அது தேவை என்று பதிவு செய்தது. 2014 தீர்ப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதியது போலத்தான் எனக்குப் படுகிறது.

2023 மே 18ஆம் தேதி, நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு திருத்தச் சட்டம் செல்லும் என்றது. ஜல்லிக்கட்டு தமிழ்நாட்டின் பண்பாட்டு மரபா என்பதை ஆராய விரிவான சமூக, பண்பாட்டு ஆய்வு வேண்டும், அது நீதிமன்றம் செய்யக்கூடிய வேலை அல்ல, சட்டமன்றம் முகப்புரையில் அப்படி அறிவித்திருக்கும்போது அந்தக் கருத்தை நாங்கள் கலைக்க மாட்டோம் என்றார்கள். முகப்புரை மட்டும் வழக்கை வென்று தந்தது என்று சொல்வது மிகை. விலங்கின் வலியைக் குறைக்கும் விதிமுறைகள் வந்தது பெரிய காரணம். ஆனால் 2014இல் நீதிமன்றம் தானே முடிவு சொன்ன ஒரு கேள்வியை, 2023இல் சட்டமன்றத்திடம் விட்டுவிட்டது. அந்த இடத்தில் முகப்புரையின் வரிகள்தான் வேலை செய்தன.

நோக்கத்தைச் சட்டத்துக்குள்ளேயே ஒரு பிரிவாக வைத்த பழைய உதாரணமும் நம்மிடம் உண்டு. 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கான 1994ஆம் ஆண்டின் 45ஆவது சட்டம், அரசியலமைப்பின் நெறிமுறைக் கோட்பாடுகளை நிறைவேற்றவே தான் வருவதாக அறிவித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட சட்டத்தைச் சில அடிப்படை உரிமைகளுக்கு முரண் என்று ரத்து செய்ய விடாமல் காப்பது 31-சி கூறு, அந்தப் பாதுகாப்பைப் பெறச் செய்த ஏற்பாடு அது. பின்னர் அந்தச் சட்டம், சட்டங்களை வழக்குகளிலிருந்து காக்க உருவான ஒன்பதாவது அட்டவணையிலும் சேர்ந்தது.

நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் மக்கள் கடனாளியாகி உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள் என்று 2021இல் தமிழ்நாடு தடைச் சட்டம் கொண்டுவந்தது. நோக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. முழுத் தடை என்ற மருந்து நோயின் அளவை மீறியது, அதற்கு ஆதாரமாகப் போதிய தரவும் இல்லை என்பது சாரம். பாடம் படித்த அரசு 2022 ஜூனில் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. மனநல மருத்துவர், தொழில்நுட்ப அறிஞர், காவல்துறை அதிகாரி எல்லாம் அதில் இருந்தார்கள். பொதுமக்களிடமும் கருத்துக் கேட்டார்கள். 2022 அக்டோபரில் நிறைவேறிய சட்டமுன்வடிவை, சட்டமன்றத்துக்கு இதில் அதிகாரம் இல்லை என்று ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். அதே மாதம் 23ஆம் தேதி பேரவை மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ரம்மி, போக்கர் இரண்டும் திறமை விளையாட்டுகள் என்று அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து மட்டும் விலக்கியது. நோக்கம் இரண்டு முறையும் ஒன்றுதான். இரண்டாம் முறை அதற்கு அடியில் ஓர் அறிக்கை இருந்தது, அவ்வளவே வித்தியாசம். (2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசே இதற்குத் தனிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது, அது வேறு கதை.)

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்த 2020 சட்டம் முதல் முறையிலேயே தப்பித்ததற்கும் இப்படி ஒரு பின்புலம் உண்டு. நீதிபதி பி. கலையரசன் ஆணையத்தின் ஆய்வு முதலில் வந்தது, சட்டம் பிறகு வந்தது. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது.

விளக்கவுரையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, ‘கேட்டது யார்’ என்ற வரியைத்தான். இருக்கைச் சட்டத்தில் அது தொழிலாளர் ஆலோசனைக் குழு. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவில் அது தொழில் நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடுகிறது என்று தொழிற்சங்கங்கள் கொதித்தது இதைப் பார்த்துத்தான். வேலை நேரத்தில் நெகிழ்வு வேண்டும் என்று நிறுவனங்கள் கோரியதாக விளக்கவுரையே சொல்லியது. தொழிலாளியின் வேலை நேரத்தை மாற்றும் சட்டத்துக்கு முதலாளிகளின் மனு காரணமாக இருந்தது என்றால், அதை வெளியே கொண்டுவர உளவு பார்க்க வேண்டியதில்லை, அரசே அச்சடித்துக் கொடுத்திருந்தது. ஆளும் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது, மே 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

இந்தப் பக்கங்களைப் பார்க்க வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. அரசிதழ்கள் எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் கிடைக்கின்றன. சட்டத்தின் எண் மட்டும் தெரிந்தால் போதாது, சட்டமுன்வடிவின் எண்ணும் ஆண்டும் வேண்டும். இரண்டுக்கும் எண் வேறு, இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நிறைவேறும் முன் படிக்க நேரமும் பெரிதாக இருக்காது. அறிமுகமான அன்றே நிறைவேறும் சட்டமுன்வடிவுகள் நம் பேரவைக்குப் புதிதல்ல. நீட் விலக்குச் சட்டமுன்வடிவு 2021 செப்டம்பர் 13ஆம் தேதி அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. உறுப்பினர்களுக்கே படிக்க நேரம் குறைவு என்னும்போது, வெளியே இருக்கும் நாம் பெரும்பாலும் பின்னால்தான் படிக்கிறோம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விளக்கவுரையில் இருப்பதால் நமக்கு உரிமை வந்துவிடாது, உரிமை பிரிவிலிருந்துதான் வரும். கடையில் இருக்கை இல்லை என்று தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு மனு எழுதுகிறவர் 22-ஏ பிரிவைத்தான் குறிப்பிட வேண்டும். ஆனால் அந்தப் பிரிவில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது பயன்படுத்திக்கொள்ள இருக்கை என்கிறது அது. ‘ஆடி மாதம் முழுக்கக் கூட்டம் சார், வாய்ப்பே வரவில்லை’ என்று மேலாளர் கை விரிக்கலாம். அப்போது சட்டமுன்வடிவின் கடைசிப் பக்கத்தை எடுத்து மனுவோடு இணைக்கலாம். நாள் முழுக்க நின்று உடம்பு கெடுகிறது, அதைத் தடுக்கவே இந்தச் சட்டம் என்று அதில் அமைச்சர் பெயரோடு அச்சாகியிருக்கிறது.