‘ஊசி ஒண்ணு போட்டு விடுங்க டாக்டர், ராத்திரி நாடகம்’

ஏப்ரல் 16 உலகக் குரல் நாள். அன்றைக்குக் குரல் பாதுகாப்பு முகாம் நடத்தினால் ஆசிரியர்கள் வருவார்கள், மேடைக் கச்சேரிக்காரர்கள் வருவார்கள். மதுரைப் பக்கத்து நாடக நடிகர்கள் மட்டும் வரமாட்டார்கள். சித்திரை பிறந்த கையோடு ஊருக்கு ஊர் கோயில் திருவிழா, இரவுக்கு இரவு நாடகம். பகலில் தூக்கத்தில் இருப்பார்கள், இல்லையென்றால் பஸ்ஸில் இருப்பார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவனான என்னிடம் அவர்கள் வருவது குரல் முழுக்கக் கட்டிக்கொண்ட பிறகுதான். அதுவும் சாயங்காலம், நாடகத்துக்குப் புறப்படுகிற வழியில். தலைப்பில் இருப்பது அப்போது அவர்கள் கேட்பது.

இவர்கள் நடிப்பது ஸ்பெஷல் நாடகம். அதைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிவைத்த பாட்டும் வசனமும்தான் இன்றும் இதற்கு அடிப்படை. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் வழி வந்தவை. கம்பெனி என்று ஒன்று கிடையாது, ஒத்திகையும் கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) திண்டுக்கல்லிலிருந்து வருவார், பபூனும் (கோமாளி) டான்ஸ் ஆடுகிறவரும் இன்னொரு ஊரிலிருந்து வருவார்கள். மேடைக்குப் பின்னால் ஒப்பனை போடும்போதுதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடியும்போதுதான் முடியும்.

நியூயார்க்கின் பிராட்வேயில் இசை நாடக நடிகருக்கு வாரத்துக்கு எட்டுக் காட்சி. அதுவும் குரலுக்குக் கடுமையான வேலைதான். ஆனால் ஒரு காட்சி இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தொண்டை சரியில்லை என்றால் அந்த வேடத்தைப் படித்துவைத்திருக்கும் மாற்று நடிகர் அன்றைக்கு ஏறிக்கொள்வார். இங்கே மாற்று ஏது? நோட்டீஸில் படம் போட்டாகிவிட்டது, அட்வான்ஸ் கைமாறிவிட்டது, டேட் கொடுத்தவர் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் அந்த இரவின் சம்பளம் மட்டுமல்ல, அடுத்த வருஷம் அந்த ஊரே போய்விடும். அதனால்தான் ஊசி கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

சரி, குரல் எதனால் கெடுகிறது? நடிகர்களைக் கேட்டால் ‘பாடிப் பாடிப் போச்சு’ என்பார்கள். என் அனுபவத்தில் பாட்டின் பங்கு குறைவு. பேச்சின் பங்குதான் அதிகம். பேச்சை விடவும் இரைச்சலின் பங்கு அதிகம்.

பேசும்போது ஆணின் குரல் நாண்கள் நொடிக்கு நூற்றுச் சொச்சம் தடவை மோதிப் பிரிகின்றன, பெண்ணுக்கு ஏறக்குறைய 200 தடவை. மேல் ஸ்தாயிக்குப் போனால் அதைப் போல இரண்டு மடங்கு. பயிற்சியுள்ளவர் பாடும்போது இந்த மோதல் மென்மையாகவே இருக்கும். மூச்சு தாங்கிக்கொள்ளும். ஆனால் வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்தை யோசித்துப் பாருங்கள். எதிராளியை மடக்க வேண்டும், கூட்டம் கைதட்ட வேண்டும், விட்டுக்கொடுக்கவும் கூடாது. நேரம் போவதே தெரியாமல் அது நீளும். அங்கே மூச்சைப் பற்றி யார் நினைப்பார்கள்? கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிற ஒவ்வொரு சொல்லிலும் நாண்கள் ஒன்றையொன்று அறைகின்றன.

இதோடு மைக்செட் சேர்ந்துகொள்கிறது. குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் ஊரைப் பார்த்து இருக்கும். மேடையில் நிற்பவருக்குத் தன் குரல் சரியாகக் கேட்காது. பக்கத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும், எதிரே கூட்டத்தின் சலசலப்பும்தான் கேட்கும். தன் குரல் காதில் விழாதபோது மனிதன் தன்னையறியாமல் சத்தத்தைக் கூட்டுவான். பிரெஞ்சுக் காது மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-லேயே இதை எழுதிவைத்தார். மைக் இருந்தும் கத்துகிறார்களே என்று நாம் ஆச்சரியப்படுகிறோம். ஊருக்குக் கேட்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. அதுதான் விஷயம்.

மைக்கே இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க ஒரே வழி, கட்டையை, அதாவது சுருதியை, ஏற்றிப் பாடுவதுதான். எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) போன்றவர்களின் உச்சஸ்தாயிக்கு ஜனங்கள் சொக்கிக் கிடந்தார்கள். மைக் வந்த பிறகும் அந்த ருசி போகவில்லை. நாலு கட்டையில் நிற்க வேண்டிய குரலை ஐந்தில் நிறுத்தினால்தான் ‘அவன் ராஜபார்ட்டுப்பா’ என்கிறார்கள். சிறுவர்களே நடித்த அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த, அதாவது குரல் உடைகிற வயசுப் பையன்களையும் இதே மாதிரி மேலேயே பாட வைத்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நாண் வளர்ந்து தடிக்கிற வயசில் அது பெரும் கொடுமை.

சமீபத்தில் ஒரு ஸ்திரீபார்ட் அம்மா வந்தார். பேச்சில் கரகரப்பு, நடுச்சாமத்துக்கு மேல் மேல்ஸ்தாயி காற்றாகப் போகிறது என்றார். மூக்கு வழியாக, கேமரா வைத்த மெல்லிய குழாயான ஸ்கோப்பை விட்டுத் திரையைத் திருப்பி அவரிடமே காட்டினேன். வெள்ளையாக இரண்டு நாண்கள். முன்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டிலும் நேருக்கு நேராக ஒரு சின்னத் தடிப்பு. ‘ஈ’ சொல்லுங்கம்மா என்றேன். தடிப்புகள் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. அதற்கு முன்னும் பின்னும் நாண்கள் ஒட்டவில்லை, அந்த இடைவெளியில்தான் காற்று கசிந்தது. அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, “இதை வெட்டி எடுத்திரலாமா டாக்டர்?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். இதை நாங்கள் நாட்யூல் என்போம். கடப்பாரை பிடித்த கையில் காய்ப்பு விழுவது போலத்தான் இதுவும். உரசல் நின்றால் பெரும்பாலும் தானே கரையும். குரல் பயிற்சி நிபுணரிடம் சில மாதம் போனால் போதும். ஒரு பக்கம் மட்டும் தொங்குகிற சதை வளர்ச்சியான பாலிப் வேறு ரகம். ஒரே ஒரு இரவு கத்தியதில்கூட அது வரலாம், அதற்குப் பல சமயம் அறுவைதான் தீர்வு. எப்படியானாலும் பாடுகிறவரின் நாணில் கத்தி வைப்பது சாதாரண விஷயமில்லை. பிராட்வே மேடையிலிருந்து வந்த ஜூலி ஆண்ட்ரூஸ் 1997-ல் குரல் நாணில் அறுவை செய்துகொண்ட பிறகு, அவருடைய பழைய பாடும் குரல் திரும்பவே இல்லை.

இனி ஊசிக்கு வருகிறேன். அது ஸ்டீராய்டு. வீக்கத்தை வற்றவைக்கும், சில மணி நேரத்தில் குரல் தெளியும். அவசரத்துக்கு, பார்த்துவிட்டுப் போட்டால் அதில் தப்பில்லை. நானும் போட்டிருக்கிறேன். பார்க்காமல் போடுவதுதான் ஆபத்து. நாணுக்குள் சின்ன ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கட்டியிருக்கலாம். பாடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று குரல் அறுந்தது என்றால் முதலில் அந்தச் சந்தேகம்தான் வர வேண்டும். அந்த நிலையில் ஊசி போட்டுக்கொண்டு விடிய விடியப் பாடினால் அந்த இடத்தில் வடு விழும். வடு விழுந்த நாண் சரியாக அதிராது, பிறகு எந்த ஊசிக்கும் அது இளகாது. ரத்தக்கட்டுக்கு மருந்து பேசாமல் இருப்பதுதான், ஏறக்குறைய ஒரு வாரம். கிசுகிசுப்பாகவும் பேசக் கூடாது, பலருக்கு அதிலும் குரல்வளை இறுகித்தான் போகும். எழுதிக் காட்டட்டும்.

வீட்டு வைத்தியத்தில் எனக்குச் சண்டையில்லை. மிளகு, பனங்கற்கண்டு, அதிமதுரம் எல்லாம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, குரல் நாண் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாசலில். விழுங்கியது நேராக அங்கே போனால் புரையேறிவிடும். நாணை நேரடியாகத் தொடுவது வெறும் வெந்நீர் ஆவி ஒன்றுதான். தண்ணீர் குடித்தால் உடம்பு நனைந்து, அது வழியாக நாணும் நனையும், அதற்கு நேரமாகும். மேடையேறும்போது ஒரு சொம்பு குடிப்பதை விடப் பகல் முழுக்கக் குடித்துவருவது மேல். நடிகர்கள் விழித்தெழுவதே மத்தியானம், பிறகு டீ மேல் டீ. தண்ணீர் ஞாபகம் எங்கே வரும்?

அப்புறம் சாப்பாடு. விடியற்காலையில் நாடகம் முடிந்ததும் பரோட்டாவும் சால்னாவும் முடித்து, வண்டி சீட்டிலேயே சாய்ந்துவிடுவார்கள். வயிற்று அமிலம் ஏறிக் குரல்வளையின் பின்பக்கம் சிவந்து வீங்கும். தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போலிருக்கும், கனைப்பார்கள். ஒவ்வொரு கனைப்பும் நாண்களுக்கு ஓர் அடி. கனைப்பு வரும்போது ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், முடியாவிட்டால் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் அதற்கு முன்பே, ஸ்கோப் வைத்துப் பார்த்துவிட வேண்டும். ‘நாடகக்காரன் தொண்டை அப்படித்தான் இருக்கும்’ என்று ஒரு பபூன் நடிகர் மாதக்கணக்கில் விட்டுவிட்டார். வந்தபோது புற்று நாணைத் தாண்டிப் போயிருந்தது. குரல் நாணில் வருகிற புற்று ஆரம்பத்திலேயே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்போது பிடித்தால் பெரும்பாலும் கதிர்வீச்சிலேயே குணமாகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்தச் சோதனை செய்துகொள்ளலாம். சீசன் முடிந்து ஆற அமர வந்தால் பயிற்சிக்கும் நேரம் கிடைக்கும்.

விழாக் கமிட்டிக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம். மைக்செட் பேசும்போது, நடிகருக்குத் தன் குரல் கேட்க, மேடையைப் பார்த்து ஒரு சின்ன மானிட்டர் பாக்ஸ் (ஸ்பீக்கர்) வேண்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஊளைச் சத்தம் வரும் என்று சவுண்ட் சர்வீஸ்காரர் தயங்கலாம். மேடையில் சாதாரணமாக வைக்கும் மைக் முன்பக்கச் சத்தத்தைத்தான் அதிகம் வாங்கும். பாக்ஸை அதன் முதுகுப் பக்கம், நடிகரின் காலடிக்கு எதிரே வைத்தால் ஊளை அவ்வளவாக வராது. அதில் ஆர்மோனியத்தைக் குறைத்துப் பாடுகிறவரின் குரலைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.