களைப்பா, நைவா?

"திரிபினால் உண்டாகும் அவத்தை மாற்றமும் கறையில் உருக்கின் களைப்பும்." தொழில்நுட்பப் பிள்ளைகளுக்கான குறிப்பொன்றின் தலைப்பு. கறையில் உருக்கு என்றால் நாங்கள் சில்வர் என்கிற, துருப்பிடிக்காத உருக்கு. அவத்தை, உலோகத்துள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் நிலை. திரிபு, இழுத்தாலோ வளைத்தாலோ வரும் உருமாற்றம். களைப்பு, களைப்பு என்று கேட்டுக் கேட்டு எனக்குத்தான் சலித்துவிட்டது.

திரும்பத் திரும்பச் சுமை ஏறி உலோகம் வெடித்து முறிவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஃபற்றீக். இலத்தீனில் களைக்கச் செய்தல் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் புகையிரத அச்சுகள் திரும்பத் திரும்பச் சுமை ஏறி முறிந்தபோது, மனிசருக்குரிய சொல்லை இரும்புக்கும் வைத்தார்கள். மூலம் அவ்வளவுதான்.

களைப்பு ஆறும். வயலால் வந்தவர் வேப்பமர நிழலில் ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் எழும்பிவிடுவார். நீர்ப்பம்பியின் தண்டை ஒரு போகம் முழுக்கச் சும்மா வைத்திருந்தாலும், அதில் விழுந்த வெடிப்பு ஆறாது. களைத்தவருக்கு வலுவும் குறையும். கறையில் உருக்கில் கதை வேறு.

18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல் உள்ள 304 வகையை எடுங்கள். அதன் வழமையான அவத்தையான ஒஸ்ரெனைற்றில் காந்தம் ஒட்டாது. சில்வர் தொட்டியின் அழுத்தி வளைத்த மூலையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், இலேசாகப் பிடிக்கும். வளைத்த இடத்தில் ஒரு பங்கு மார்ட்டென்சைற் என்ற இன்னோர் அவத்தை ஆகிவிட்டது. அது கடினமானது, கொஞ்சம் கூடிய இடமும் பிடிப்பது. திரிபு சிறிதென்றால், வெடிப்பின் நுனியில் இந்த மாற்றம் நடந்து, சுற்றியுள்ள உலோகம் அதை நெருக்க, வெடிப்பு மெல்லத்தான் வளரும். திரிபு பெரிதென்றால் மார்ட்டென்சைற் மிஞ்சி, நொறுங்கும் தன்மை கூடி, ஆயுள் குறையும். உரமேறிக்கொண்டே முறிகிற பொருளைக் களைத்தது என்று எந்த வாயால் சொல்வது?

"சோர்வு" என்பாரும் உளர், அது மனதுக்குரியது. "இளைப்பு" என்றால் எங்கள் பக்கத்தில் மூச்சு வாங்கல். என் தெரிவு நைவு. கயிறு நைந்துபோச்சு என்றால் விளக்கம் கேட்க ஆளில்லை: ஒரே இழுவையில் அறவில்லை, பாவித்துப் பாவித்து விட்டுக்கொடுத்தது. தேய்வோடு குழம்பும் என்கிறார்கள். குழம்பாது, தேய்ந்தால் பொருள் குறையும், நைந்தால் பிடிமானம் போகும். நைவு ஆயுள், நைவு வெடிப்பு, நைவெல்லை எல்லாம் வாயில் வழுக்காமல் வருகின்றன.

தனித்தமிழ் வெறியில் சொல்லவில்லை. அவத்தை வடசொல்தான், அதை நான் விடமாட்டேன். உயர்தர இரசாயனவியல் படித்த வவுனியாப் பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் அது. அதைத் தூக்கிவிட்டுக் "கட்ட மாற்றம்" என்று எழுதினால், வீட்டுத்திட்டக் காசின் இரண்டாம் கட்டம் வந்துவிட்டதாக்கும் என்றுதான் இங்கே நினைப்பார்கள். மொழிபெயர்ப்பவர் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார். பட்டறையில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.